ஆறாம் பாடத்தில் இருந்த வாக்கியம்

பெரிய கண்ணாடியை ஒரு ஆள் தூக்க முடியாது. இரண்டு பேர் வேண்டும். ஒருவன் வழியைப் பார்த்து நடப்பான். இன்னொருவன் அவன் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து போவான். பின்னால் நடக்கிறவனுக்கு வழி தெரியாது. திரும்பிப் பார்க்கவும் கூடாது. கழுத்து திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் கண்ணாடி முறுக்கும், அவ்வளவுதான் கதை. அதனால் எதிரே வருகிறவன் சொல்லிக்கொண்டே வர வேண்டும். "வா, வா, இடது பக்கம் தூண், ஒரு படி இறக்கம், வா." சொல்லுகிறவன் வாயை மூடினால் நடக்கிறவன் அந்த இடத்திலேயே நின்றுவிடுவான். இதை யாரும் எழுதி ஒட்டி வைக்கவில்லை. வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே உடம்பில் ஏறிவிடும்.

எங்கள் கண்ணாடிக் கிடங்கில் பத்தொன்பது வருஷம் எனக்கு எதிரே பின்னால் நடந்தவன் என் மச்சான், என் வீட்டுக்காரியின் அண்ணன். நல்ல உயரம். நான் அவன் நெஞ்சு வரைக்கும்தான் வருவேன். கிடங்கில் அவனை நெட்டையன் என்பார்கள். என்னை நெட்டையனோட வாய் என்பார்கள். கண்ணாடியின் ஒரு ஓரத்தில் அவன் முகம், மறு ஓரத்தில் என் முகம், காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும். "உன் முகத்தைவிட உன் அண்ணன் முகத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கேன்" என்று ஒரு நாள் வீட்டில் சொல்லிவிட்டேன். "அப்ப அவனையே கட்டியிருக்க வேண்டியதுதானே, எனக்கும் நிம்மதியா இருந்திருக்கும்" என்றாள்.

போன வருஷம் கிடங்கு கை மாறியது. புதுக் கம்பெனிக்கு எல்லாம் இங்கிலீஷில் வேண்டும். தூணில் இருந்த பழைய பலகைகளைக் கழற்றிவிட்டுப் புதுப் பலகை மாட்டினார்கள். சரக்கு வந்தால் ஒரு படிவம், உடைந்தால் ஒரு படிவம், லீவுக்கு ஒரு படிவம். பிறகு ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் வேலை முடிந்ததும் கேண்டீனில் இங்கிலீஷ் வகுப்பு. கம்பெனிப் பேச்சுக்கு வேண்டிய சொற்கள் மட்டும், பன்னிரண்டு பாடம். நன்றாகப் படிக்கிற ஒருவருக்கு டெஸ்பாட்ச் மேசை. அதாவது உட்கார்ந்து செய்கிற வேலை.

எனக்கு இடது முழங்கால் போய் நாலு வருஷமாகிறது. அந்த மேசை மேல் ஆசை இல்லை என்று சொன்னால் பொய்.

நான் தமிழே நாற்பது வயதில் படித்தவன். மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு மருந்துப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு எது எந்த வேளைக்கு என்று தெரியாமல் தெருவில் போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்டேன். வீட்டுக்காரி வேலையிலிருந்து வந்து கேள்விப்பட்டாள். அடுத்த வாரம் ஒரு சிலேட்டு வாங்கி வந்து என் முன்னால் வைத்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. அப்படிப் படித்தவனுக்கு ஒரு பயம் இருக்கும். சின்ன வயதில் படித்தவர்கள் எழுத்தை இஷ்டத்துக்கு வளைப்பார்கள், அடிப்பார்கள், மேலே எழுதுவார்கள். நான் கோட்டுக்கு வெளியே போனதில்லை. சிலேட்டில் என்ன இருந்ததோ அதை அப்படியே எழுதுவேன். பிழை வந்துவிடக்கூடாது என்பதுதான் குறி.

முதல் வகுப்புக்கு மச்சானும் வந்தான். கேண்டீன் பெஞ்சில் முட்டி மேசையில் இடிக்க உட்கார்ந்தான். டீச்சர் சின்னப் பெண், என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். எல்லோருக்கும் தாள் கொடுத்தாள். ஒரு பக்கம் சொற்கள், மறுபக்கம் அந்தச் சொற்களை வைத்து மாதிரி வாக்கியங்கள்.

"டெட்லைன்னா, ஒரு வேலையை முடிச்சுக் கொடுக்க வேண்டிய கடைசி நேரம்" என்றாள்.

"எங்க சூப்பர்வைசரோட மூஞ்சி" என்றான் மச்சான். கேண்டீன் முழுக்கச் சிரிப்பு.

"ரிக்வெஸ்ட்னா பணிவாக் கேட்கிறது."

"பணிவாக் கேட்டாக் குடுப்பாங்களா டீச்சர்?"

"கேட்டுப் பாருங்க."

"மூணு வாரமா கிளவுஸ் கேட்கிறோம். பணிவுன்னா அப்படி ஒரு பணிவு. ஸ்டோர்காரர் எங்க பணிவைப் பாத்துட்டு இன்னும் கொஞ்சம் பணியட்டும்னு விட்டுட்டாரு."

டீச்சரும் சிரித்துவிட்டாள். சிரித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனாள்.

மூன்றாவது வகுப்பில் மச்சான் தூங்கிவிட்டான். குறட்டை வந்தது. நான் காலால் இடித்தேன். வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னான்: "மாப்ளே, என்னை விட்டுடு. எனக்குத் தமிழ் எழுத்தே எறும்பு போற மாதிரி இருக்கு, இதுல இது வேற. நீ படி. எனக்கும் சேர்த்துப் படி. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரு வாய் போதும்."

படித்தேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் படித்தேன். வீட்டுக்காரி கேள்வி கேட்பாள், நான் பதில் சொல்வேன். டேமேஜ் என்றால் சேதம். டிலே என்றால் தாமதம். ரெஸ்பான்சிபிள் என்றால் பொறுப்பு. கண்ணாடி தூக்கும்போதும் பழகிப் பார்த்தேன். "லெஃப்ட், லெஃப்ட், ஸ்டெப் டவுன்."

மச்சான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டான். "மாப்ளே, பிள்ளை குட்டிக்காரன் நான். தமிழ்ல சொல்லு. இங்கிலீஷ்ல விழுந்தா இங்கிலீஷ்லயா வலிக்கும்?"

"படிக்கச் சொன்னவனே நீதானே?"

"மேசையில உட்கார்ந்து பேசுறதுக்குப் படிக்கச் சொன்னேன். என் முதுகுக்குப் பின்னால பேசுறதுக்கா?"

கிளவுஸ் விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கண்ணாடி வேலையில் கிளவுஸ் மூன்று மாதம் தாங்கும். நாங்கள் போட்டிருந்தது ஏழு மாதப் பழசு. முதலில் ஸ்டோரில் கேட்டோம், ஆர்டர் போயிருக்கு என்றார்கள். பிறகு சூப்பர்வைசரிடம் கேட்டோம், ஸ்டோரில் கேளுங்க என்றார். மூன்றாவது தடவை நானும் மச்சானும் சேர்ந்து போய், கிழிந்த கிளவுஸைச் சூப்பர்வைசர் மேசை மேலேயே வைத்துக் கேட்டோம். "ஒரு வாரம் சமாளிங்கப்பா" என்றார். மச்சானின் வலது கிளவுஸ் கட்டை விரலுக்குக் கீழே உள்ளங்கை வரைக்கும் பிளந்திருந்தது. பிளந்த கிளவுஸ் வெறும் கையைவிட மோசம். கண்ணாடி ஓரம் அந்தக் கிழிசலுக்குள் புகுந்து வழுக்கும். கண்ணாடி தூக்கின எவனைக் கேட்டாலும் சொல்வான்.

அன்று புதன்கிழமை. காலை பத்து மணி இருக்கும். ஒரு கடை முகப்புக்கு வைக்கிற பெரிய கண்ணாடி. மச்சான் வலது கிளவுஸைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டான். "இது வேண்டாம் மாப்ளே, வழுக்குது" என்றான். தூக்கினோம். "வா, வா" என்று சொல்லிக்கொண்டே போனேன். இரண்டாவது ரேக்கைத் தாண்டும்போது அவன் முகம் மாறியது. சத்தம் போடவில்லை. கண்ணாடி அவன் பக்கம் இரண்டு விரல் அளவு இறங்கியதைப் பார்த்தேன். பிறகுதான் ரத்தம் ஓரம் வழியாக ஓடி வந்தது.

"விடு மச்சான்! விட்டுடு!"

"நீ முதல்ல இறக்கு."

"விடுடா!"

"நான் விட்டா உன் கால் மேல விழும். இறக்கு. மெதுவா."

கண்ணாடியைத் தாங்குகிற கட்டையைக் காலால் இழுத்துப் போட்டு என் பக்கத்தை இறக்கி வைக்கிற வரைக்கும் அவன் பிடித்துக்கொண்டிருந்தான். பத்து எண்ணுகிற நேரம் இருக்குமா, இருபது எண்ணுகிற நேரமா, தெரியாது. அவ்வளவு நேரமும் கண்ணாடி ஓரம் அவன் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இறக்கி வைத்த பிறகுதான் கையை எடுத்தான். எடுத்துப் பார்த்துவிட்டு, "உள்ள வெள்ளையா ஏதோ தெரியுது மாப்ளே" என்றான், வேறு யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி.

ஆஸ்பத்திரியில் நரம்பு இரண்டு அறுந்திருக்கிறது என்றார்கள். தைத்தார்கள். கட்டை விரலும் சுட்டு விரலும் தப்பித்தன. மற்ற மூன்றும் இனி மடங்காது என்றார் டாக்டர். மடங்காத விரலை வைத்துக்கொண்டு கண்ணாடி தூக்க முடியாது. அது எங்கள் எல்லோருக்கும் அந்த நிமிஷமே தெரியும். ஆனால் எங்கள் கிடங்கில் ஒரு பழக்கம் உண்டு. வேலையில் அடிபட்டவனை வெளியே அனுப்ப மாட்டார்கள். கேட்டில் உட்கார வைப்பார்கள். லாரி வந்தால் கேட்டைத் திறக்க வேண்டும், போனால் சாத்த வேண்டும். எனக்குத் தெரிந்து மூன்று பேர் அப்படிக் கேட்டிலேயே இருந்து ஓய்வு பெற்றார்கள். கடைசியாக இருந்தவர் அதற்கு முந்தின மாதம்தான் ஓய்வு பெற்றுப் போனார். நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

"கேட்ல உட்கார்ந்தா நல்ல காத்து வரும். உன்னை மாதிரி ஆளுங்க உள்ள போறதையும் வர்றதையும் பார்த்துக் கிண்டல் பண்ணிக்கிட்டே காலத்தை ஓட்டிடலாம்" என்றான் மச்சான், கட்டிலில் படுத்தபடி. அவன் பெண்டாட்டி முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கடைசிப் பிள்ளைக்கு எட்டு வயது. கேட் வேலை கிடைத்துவிட்டால் போதும் என்றுதான் எல்லோரும் இருந்தோம்.

மறுநாள் காலை சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார்.

"விபத்து ரிப்போர்ட் எழுதணும். பக்கத்துல இருந்தது நீங்கதான். பன்னிரண்டு மணிக்குள்ள மேல போகணும். அதைப் பார்த்துட்டுத்தான் உங்க மச்சானுக்கு என்ன பண்றதுன்னு முடிவு பண்ணுவாங்க."

"தமிழ்ல எழுதலாமா சார்?"

"மேல யாரு படிக்கிறது? வகுப்புக்குப் போறீங்கள்ல, அதுல சொல்லிக் குடுத்த மாதிரி எழுதுங்க. கதையெல்லாம் வேண்டாம். நாலு வரி."

டெஸ்பாட்ச் மேசையில் உட்காரச் சொன்னார். அன்றுதான் முதல் தடவை அதில் உட்கார்ந்தேன். சுற்றுகிற நாற்காலி. படிவத்தில் பெயர், தேதி, நேரம், அதற்குக் கீழே நாலு கோடு. நான் சட்டைப் பையிலிருந்து ஆறாம் பாடத்தை எடுத்து விரித்தேன். ஆறாம் பாடம் விபத்து. மூன்று மாதிரி வாக்கியம் இருந்தது. தரை ஈரமாக இருந்தது. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தொழிலாளி கிளவுஸ் அணிந்திருக்கவில்லை.

எங்கள் தரை ஈரமாக இல்லை. மிஷின் ஒன்றும் இல்லை. மூன்றாவது இருந்தது.

தி வொர்க்கர் வாஸ் நாட் வேரிங் கிளவுஸ். அதை முதல் கோட்டில் எழுதினேன். ஒவ்வொரு எழுத்தாகத் தாளைப் பார்த்துப் பார்த்து. இரண்டாவது கோட்டில் அவன் கையை வெட்டிக்கொண்டான். மூன்றாவது கோட்டில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்பட்டான். ஒன்றும் பொய் இல்லை. நாலாவது கோட்டில் என்ன எழுதுவது என்று பேனாவைத் தூக்கிக்கொண்டு இருந்தேன். கிளவுஸ் கேட்டது ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. ஆனால் அதற்குத் தாளில் மாதிரி இல்லை. நானாக எழுதினால் பிழை வரும். பிழையோடு மேலே போனால், அந்த மேசையும் போகும், மச்சான் பெயரும் கெடும் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். சுத்தமாக, பிழை இல்லாமல் ஒரு காகிதம் போனால் நம்மை மதிப்பார்கள், மச்சானுக்கும் அது நல்லது என்று.

மூன்றாம் பாடத்தில் டீச்சர் சொல்லியிருந்தாள், காலியாக விட்ட கோட்டில் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட வேண்டும், பிறகு யாரும் எதையும் சேர்க்க முடியாதபடி. ஸ்கேலை வைத்து நேராக ஒரு கோடு இழுத்தேன். கீழே கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் வகுப்பில் அந்த ரிப்போர்ட்டின் காப்பியை டீச்சரிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள். "வெரி குட். ஒரு பிழை கூட இல்லை" என்று எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள். கேண்டீனில் பதினோரு பேர் கை தட்டினார்கள். எனக்காக வாழ்நாளில் யாரும் கை தட்டிப் பார்த்ததில்லை. காது இரண்டும் சூடாகிவிட்டது. நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன், மச்சானிடம் சொல்ல.

கை முழுக்கக் கட்டோடு படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். "சிஸ்டர், சிஸ்டர்" என்று நர்ஸைக் கூப்பிட்டான். "இவரு என் தங்கச்சி வீட்டுக்காரர். எங்க கம்பெனில என் விஷயமா இங்கிலீஷ்லயே ரிப்போர்ட் எழுதிக் குடுத்திருக்காரு. ஒரு பிழை இல்லையாம்." நர்ஸ் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். "என்ன மாப்ளே எழுதின?" என்றான்.

"நடந்ததை எழுதினேன்."

"அது போதும்" என்று படுத்துக்கொண்டான்.

மச்சான் கை கிழிந்து கிடந்த அந்த இரண்டு நாளில் நான் சந்தோஷமாக இருந்தேன். இதை எப்படி எழுதினாலும் இப்படித்தான் வருகிறது.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, வேலை முடிகிற நேரத்தில் சூப்பர்வைசர் தோளில் தட்டினார். "திங்கட்கிழமையிலேர்ந்து டெஸ்பாட்ச் மேசை உங்களுக்கு. உங்க ரிப்போர்ட் ரொம்பத் தெளிவா இருந்ததுன்னு மேல சொன்னாங்க."

"மச்சானுக்கு கேட் வேலை எப்பலேர்ந்து சார்?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. "அதுக்கு வேற ஆள் போட்டாச்சே. உங்க மச்சானுக்கு லெட்டர் போயிருக்குமே. கிளவுஸ் போடாமத் தன் தப்பால அடிபட்டா வேலையில வச்சுக்க முடியாது, புதுக் கம்பெனி சட்டம். நீங்கதானே எழுதினீங்க?"

வகுப்புக்குப் போனேன். எல்லோரும் போகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் பையை மூடிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், மூணு தடவை கிளவுஸ் கேட்டோம், குடுக்கலை. இதை இங்கிலீஷ்ல எப்படி எழுதுறது?"

"இது உங்களுக்கே தெரியுமே" என்றாள். "சொல்லுங்க. கேட்டோம்?"

"ஆஸ்க்ட்."

"மூணு தடவை?"

"த்ரீ டைம்ஸ்."

"அவங்க குடுக்கலை?"

சொன்னேன். எழுதவும் எழுதினேன். ஒரே வரி. முதல் பாடத்திலும் இரண்டாம் பாடத்திலும் நாலாம் பாடத்திலும் இருந்த சொற்கள்தான். எனக்குத் தெரியாத சொல் ஒன்று கூட அதில் இல்லை. நாலாவது கோட்டில் அழகாக அடங்கியிருக்கும்.

"எதுக்குக் கேட்கிறீங்க?" என்றாள். சொன்னேன். அவள் ஆறாம் பாடத் தாளை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தாள். "இந்தத் தாளை நான் தயாரிக்கலை. என்கிட்ட குடுத்தாங்க, நான் உங்ககிட்ட குடுத்தேன்" என்றாள். பாவம், அவளும் கொடுத்ததைச் சொல்லிக் கொடுக்கிறவள்தான்.

வெள்ளிக்கிழமை காலை அந்த ஒரு வரியை நல்ல தாளில் எழுதிக்கொண்டு மாடியில் இருக்கிற ஆபீசுக்குப் போனேன். அங்கே இருக்கிற அதிகாரி அம்மா மரியாதையாக உட்காரச் சொன்னார். தாளை வாங்கிப் படித்தார். பிறகு கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். என் கையெழுத்தில் அந்த மூன்று வரி, அதற்குக் கீழே ஸ்கேல் வைத்து இழுத்த கோடு.

"இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமாம்மா."

"இங்க எழுத இடம் இருந்திருக்கு. நீங்களே கோடு போட்டு முடிச்சிருக்கீங்க. அன்னைக்கு ஏன் எழுதலை?"

கம்ப்யூட்டரில் தெரிந்த அந்தக் கோட்டையே பார்த்தேன்.

"மேசை எனக்கு வேண்டாம்மா. அவருக்குக் கேட் வேலையைக் குடுத்துடுங்க."

"அது வேற, இது வேற" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். "கடுதாசி அனுப்பியாச்சு. ஃபைலை மூடியாச்சு."

வீட்டில் சொல்லவில்லை. சனிக்கிழமை முழுக்க வீட்டுக்காரி, "என்னங்க, முழங்கால் வலிக்குதா?" என்று மூன்று தடவை கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மச்சான் வந்தான். எங்கள் வீடு மாடியில் ஒரே அறை. வெளிப்பக்கமாகச் செங்குத்தான இரும்புப் படி ஏறி வர வேண்டும். கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறி வருகிற சத்தம் கேட்டது. சட்டைப் பையில் ஒரு நீளக் கவர் நீட்டிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, தண்ணி குடு. மாப்ளே, கம்பெனியிலேர்ந்து லெட்டர். பெரியவன் பள்ளிக்கூடத்துப் பையன்தானே, படின்னு குடுத்தா, இது வேற இங்கிலீஷ்ப்பா எனக்குத் தெரியலைங்கிறான். நான் சொன்னேன், டேய், இதுக்குன்னு உன் மாமன் ஒருத்தன் இருக்கான்டான்னு." உட்கார்ந்து கவரை நீட்டினான். "கேட்ல என்னைக்குச் சேரணும்னு பாரு. திங்கட்கிழமைன்னா சட்டை துவைக்கணும்."

என் வீட்டுக்காரி தண்ணீரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். என் புருஷன் இங்கிலீஷ் கடிதம் படிக்கப் போகிறார் என்கிற பெருமை அவள் முகத்தில் தெரிந்தது.

பிரித்தேன். ஒன்பது வரி. முக்கால்வாசி புரிந்தது. நடுவில் இரண்டு சின்னக் குறிகளுக்குள்ளே என் வாக்கியம் இருந்தது, அச்சில்.

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. தேதி போடவில்லை, பிறகு சொல்வார்களாம் என்றால் இரண்டு வாரம் ஓடும். சும்மா இருந்தாலும் ஓடும். ஆனால் அவன் எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடி தூக்கும்போது பார்க்கிற அதே பார்வை. அந்தப் பார்வைக்கு முன்னால் நான் பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவை கூடத் தப்பாக வழி சொன்னதில்லை.

"வேலை இல்லைன்னு எழுதியிருக்கு மச்சான்."

"கேட் வேலையா?"

"எந்த வேலையும்."

வீட்டுக்காரி, "என்னங்க சொல்றீங்க, சரியாப் படிங்க" என்றாள்.

"சரியாத்தான் படிக்கிறேன்."

"ஏனாம்?" என்றான் மச்சான்.

"தொழிலாளி கிளவுஸ் போட்டிருக்கலை. அதனால தப்பு தொழிலாளியோடது. அப்படின்னு."

"கிளவுஸ் போடலைதான். எதுக்குப் போடலைன்னு எழுதலையா?"

"இல்லை."

"மூணு தடவை கேட்டோமே. நீயும்தானே கூட வந்த. மேசை மேல கிளவுஸை வச்சோமே." அவனுக்கு இன்னும் கோபம் வரவில்லை, கணக்குத்தான் ஒத்துப்போகவில்லை. "இவங்களுக்கு யார் சொன்னா நான் கிளவுஸ் போடலைன்னு? அங்க நம்ம ரெண்டு பேர்தானே இருந்தோம்?"

நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், மறுபடியும் என்னைப் பார்த்தாள். அவளுக்கு அவனைவிட முன்னாலேயே புரிந்துவிட்டது. எழுந்து போய் அடுப்புப் பக்கம் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

"நான் எழுதினது மச்சான்" என்றேன். "அது என்னோட வாக்கியம்."

கீழே தெருவில் யாரோ தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தார்கள்.

"அந்தப் பிழை இல்லாததா?" என்றான்.

"ஆமாம்."

"கை தட்டினாங்கன்னு சொன்னியே, அதுக்குத்தானா?"

"ஆமாம்."

பாடத்தில் அப்படி இருந்தது என்று சொல்லலாம் என வாய் வரைக்கும் வந்தது. ஆபீசுக்குப் போனேன், மேசை வேண்டாம் என்றேன், இதோ அந்தத் தாள் என்று எடுத்துக் காட்டலாம் என்றும் வந்தது. சட்டை ஆணியில்தான் தொங்கியது, தாள் அதன் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. அவன் பிடித்துக்கொண்டிருந்த நேரம்தான் நினைவுக்கு வந்தது. நீ முதல்ல இறக்கு என்றானே, அந்த நேரம்.

அவன் மெதுவாகக் கையை நீட்டினான். கடிதத்தைக் கொடுத்தேன். இடது கையாலேயே மடிக்கப் பார்த்தான், மடிப்பு கோணலாக வந்தது. உதவப் போன என் கையை அவன் தள்ளவில்லை, பார்க்காத மாதிரி இருந்துவிட்டான். எப்படியோ கவருக்குள் திணித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

"அண்ணே" என்றாள் என் வீட்டுக்காரி, திரும்பாமலே.

"ஒண்ணும் இல்லம்மா. வரேன்."

நான் பின்னாலேயே வாசல் வரைக்கும் போனேன். எங்கள் படி ரொம்பச் செங்குத்து. வழக்கமாக அவன் ஏணியில் இறங்குகிற மாதிரி என் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்து, பின்பக்கமாகத்தான் இறங்குவான். நான் மேலே நின்று "வா, இன்னும் ரெண்டு, கடைசிப் படி" என்று விளையாட்டாகச் சொல்வேன். இருபது வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்படித்தான். அன்றும் பழக்கத்தில் என் பக்கம் திரும்பி, ஒரு காலைப் பின்னால் வைத்து முதல் படியில் இறங்கினான். அங்கே நின்றுவிட்டான்.

நான் சொல்லுவேன் என்று நின்றான்.

எனக்குக் குரல் வரவில்லை. அவன் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றான். பிறகு கழுத்தைத் திருப்பி, தோளைத் திருப்பி, முழு உடம்பையும் தெருப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு, கீழே பார்த்து, ஒவ்வொரு படியாகத் தானே பார்த்து இறங்கிப் போனான்.